பஞ்சமத்தில் ஒட்டாத ரீங்காரம்: ஓர் இசைத்தட்டு மேசையின் நிகழ்வு ஆய்வு

முதலில் காதில் பட்டது தம்புராவின் பஞ்சமம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகர் ஒருவரின் பழைய கர்நாடக இசைத்தட்டு அது. ஆலாபனைக்கு முன் சில நொடிகள் தம்புரா மட்டும் ஒலிக்கும். அந்தச் சில நொடிகளில் பஞ்சமத் தந்தி நடுங்கியது. நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை பெருகி, வற்றி, மறுபடியும் பெருகியது. இயற்பியல் பாடப் புத்தகத்தில் விம்மல் என்று படித்தோமே, அதுதான். இரண்டு ஒலிகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருந்து, முழுதாகச் சேராதபோது பிறப்பது.

அதே தட்டை வேறு வீட்டில், வேறு கருவியில் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். அங்கே பஞ்சமம் சுத்தமாக நின்றது. ஆகவே தம்புரா மீது குற்றமில்லை, என் அறையில் வேறு ஏதோ ஒன்று கூடவே ஒலிக்கிறது என்பது உறுதியாயிற்று.

கருவி எதையும் எடுக்காமலே அந்த வேறு ஒன்றின் அலைவெண்ணைக் கணக்கிட முடிந்தது. ஒரு கட்டை என்றால் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ். ஆண் குரலுக்கான தம்புராவில் மந்தர ஷட்ஜம் அதில் பாதி, 65.4. அதன் ஒன்றரை மடங்கு பஞ்சமம், 98.1. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. நூறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் இடையே இரண்டு. நொடிக்கு இரண்டு விம்மல். வந்தவன் மின்சாரத்தின் உறவினன் என்று தெரிந்துவிட்டது. எந்த வாசல் வழியாக வந்தான் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

அறையும் கருவிகளும்

திருச்சியில் எங்கள் வீடு இரண்டு தளம் கொண்டது. கீழே பெரியம்மா, மேலே நாங்கள். தரை மொசைக், அதற்கு அடியில் கான்கிரீட் தளம். இசைத்தட்டுக் கருவி பெல்ட்டில் ஓடுவது. மோட்டார் நேரடியாக வீட்டு மின்சாரத்தில் சுழலும் சிங்க்ரனஸ் வகை. முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் சாதாரண நகரும் காந்த வகை, 4 மில்லிவோல்ட் தருவது. நீளமான பழைய தேக்கு மேசையின் நடுவில் கருவி, அதே மேசையின் இரு முனைகளிலும் ஸ்பீக்கர்கள், கீழ்த்தட்டில் ஆம்ப்ளிபயர், அதன் முதுகின்மேல், கார்ட்ரிட்ஜின் சின்ன மின்னலையைப் பெருக்கித் தரும் ஃபோனோ பிரீஆம்ப் பெட்டி. தொலைக்காட்சியின் ஒலியும் அதே ஆம்ப்ளிபயருக்குத்தான் போகிறது. பார்க்க அழகான அமைப்பு. விஷயம் தெரிந்தவர் பார்த்தால் இந்த ஒரு பத்தியிலேயே நான்கு பிழைகளைக் கண்டுவிடுவார். எனக்கு அவற்றை ஒவ்வொன்றாகத்தான் காண முடிந்தது.

இசைத்தட்டு ஏன் இவ்வளவு எளிதில் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சிடி கருவி 2 வோல்ட் வரை தருகிறது. கார்ட்ரிட்ஜ் தருவது அதில் ஐந்நூறில் ஒரு பங்கு. போதாததற்கு, தட்டில் பள்ளம் வெட்டும்போது கீழ் ஸ்தாயி ஒலிகளைக் குறைத்து வெட்டுகிறார்கள்; இல்லாவிட்டால் பள்ளத்தின் வளைவுகள் பெரிதாகி ஒன்றையொன்று முட்டும். குறைத்ததை ஃபோனோ பிரீஆம்ப் திரும்பக் கூட்ட வேண்டும். 1954-இல் அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்து, பிறகு எல்லோரும் பின்பற்றிய ஆர்ஐஏஏ அளவுகோல் இது. இதன்படி 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் பெருக்கும் பெட்டி, 50 ஹெர்ட்ஸில் இன்னும் 17 டெசிபல் சேர்த்துப் பெருக்கும். ஏறக்குறைய 700 மடங்கு. மின்சாரத்தின் முனகல் எந்த இடத்தில் இருக்கிறதோ, சரியாக அந்த இடத்தில்தான் நாம் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறோம்.

நான்கு நிலைகள்

இணையத்தில் தேடினால் முதல் அறிவுரை எதையாவது வாங்கச் சொல்லும். புதிய பெல்ட், புதிய பாய், விலையுயர்ந்த கேபிள். நானும் பெல்ட்டை மாற்றினேன், சுழல்தண்டுக்கு எண்ணெய் விட்டேன். எதுவும் மாறவில்லை. காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றுவது பொருளையும் காலத்தையும் தின்னும். அதைவிடக் கெடுதலானது, ஒரே நாளில் இரண்டை மாற்றிவிட்டால் எது பலன் தந்தது என்பதே தெரியாமல் போகும். அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தொட்டேன்.

கருவியை நான்கு நிலைகளில் வைத்துக் கேட்பது அடிப்படை. முள் மேலே, மோட்டார் நின்றபடி: இதில் வருவது முழுக்க மின்வழி இரைச்சல். முள்ளை நிற்கும் தட்டின்மேல் இறக்கி, மோட்டார் இன்னும் நின்றபடி: இதில் புதிதாகச் சேர்வது அறையிலிருந்தும் தரையிலிருந்தும் வரும் அதிர்வு. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, முள் அதே நிற்கும் தட்டில்: இதில் சேர்வது மோட்டாரின் அதிர்வு. கடைசியாக வழக்கம்போல் ஓடவிட்டால், சுழல்தண்டின் உறுமலும் தட்டின் நெளிவும் சேர்கின்றன. முள்ளை இறக்கும்போதும் தூக்கும்போதும் ஒலியளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்தால் ஸ்பீக்கருக்கு ஆபத்து.

ஒவ்வொரு நிலையிலும் முப்பது நொடி கணினியில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அலைவெண் வரைபடம் பார்த்தேன். 65,536 மாதிரிகளை எடுத்துப் பார்த்தால் முக்கால் ஹெர்ட்ஸுக்கும் குறைவான இடைவெளி வரை பிரித்துக் காட்டும். காது சொன்ன 98-ஐயும் 100-ஐயும் தனித்தனியாகப் பார்க்க அது போதும்.

முதல் நிலையிலேயே 50 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம் நின்றது. கூடவே 100, 150 என்று சின்னக் கோபுரங்கள். முள் தட்டைத் தொடவே இல்லை. ஆகவே இது கம்பி வழியாக அல்லது காந்தப் புலம் வழியாக வருவது. தொலைக்காட்சிக்கு வரும் கேபிள் டிவி கம்பியைப் பிடுங்கியதும் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. தெருவிலிருந்து வரும் அந்தக் கம்பியின் உலோக உறை தன் போக்கில் ஓர் எர்த்தைக் கொண்டுவருகிறது. வீட்டின் எர்த் இன்னொன்று. இரண்டும் ஆம்ப்ளிபயரில் சந்தித்து வளையமாகின்றன, வளையத்தில் மின்னோட்டம் சுற்றுகிறது. கேபிளுக்கு ஒரு தனிமைப்படுத்தும் சிறு இணைப்பான் போட்டதும் தீர்ந்தது. ஹம் என்று சொல்லும் இந்த முனகல் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் முனையைச் சிலர் வெட்டிவிடுகிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

மீதமிருந்ததில் ஒரு பங்கு கருவியின் எர்த் கம்பி முனையில் ஏறியிருந்த பச்சைக் களிம்பு. சுரண்டித் திருகினேன். இன்னொரு பங்கு, ஆம்ப்ளிபயரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர்மேலே உட்கார்ந்திருந்த ஃபோனோ பெட்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெட்டியைக் கையில் தூக்கித் திருப்பினால் ஹம் கூடிக் குறைவது கேட்டது. அரை மீட்டர் தள்ளி வைத்தேன். கோபுரம் சுவராயிற்று, சுவர் திண்ணையாயிற்று.

ஞாயிறு மதியம் அது. தட்டைப் போட்டுத் தம்புராவைக் கேட்டேன். பஞ்சமம் அசையவில்லை. மற்ற மூன்று நிலைகளையும் அப்போதே பதிவு செய்தேன். பெல்ட் இல்லாமல் ஓடிய மோட்டார் 100 ஹெர்ட்ஸில் மிக மெல்லிய கோடு ஒன்றைத்தான் காட்டியது. ஆய்வு முடிந்ததென்று நோட்டில் எழுதினேன்.

இரவில் திரும்பி வந்தது

அன்றிரவு பத்தரை மணிக்கு அதே தட்டு, அதே பஞ்சமம், அதே விம்மல்.

இரவு அமைதி என்பதால் காதுக்குத் தெரிகிறது என்று முதலில் நினைத்தேன். பதிவு அதை மறுத்தது. முள் மேலே இருந்தபோது ஒன்றுமில்லை. நிற்கும் தட்டில் முள்ளை இறக்கியதும் 100, 200, 300 என்று சீப்பின் பற்கள் போல வரிசையாக எழுந்தன. மோட்டார் ஓடவே இல்லை. ஆகவே இது மேசை வழியாக முள்ளுக்கு ஏறிவரும் அதிர்வு. மதியம் எடுத்த இரண்டாம் நிலைப் பதிவில் இது அறவே இல்லை.

அடுத்த எட்டு நாட்கள் நேரம் மாற்றி மாற்றிப் பதிவு செய்தேன். மாலையில் இல்லை. இரவு ஒன்பதே முக்காலுக்கு மேல் இருந்தது. விடிகாலை ஐந்தரைக்கு மேல் இல்லை. இது யாரோ ஒரு மனிதருடைய தினசரி. ஆனால் யாருடையது? எங்கள் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை. தண்ணீர் ஏற்றும் மோட்டாரைச் சந்தேகித்தேன். அது காலையில் அரைமணி நேரம் ஓடும்; ஓடும்போது வரைபடத்தில் வேறு இடத்தில், 48-க்குப் பக்கத்தில் ஒரு கோடு தெரிந்தது.

அந்த 48 எனக்குப் பெரிய உதவி செய்தது. வீட்டில் ஓடும் பெரும்பாலான இண்டக்ஷன் மோட்டார்கள் மின்சாரத்தின் வேகத்தை முழுதாக எட்டுவதில்லை, கொஞ்சம் வழுக்கியே சுழலும். இரண்டு துருவ பம்ப் மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குப் பதில் 2,900-ஐ ஒட்டிச் சுற்றும். ஆகவே சுழற்சியால் வரும் அதிர்வு 50-க்குச் சற்றுக் கீழே நிற்கும். நான் தேடியதோ மின்சாரத்தின் துல்லியமான மடங்கு. சுழலும் பாகத்தின் சமநிலைக் குறைவு அப்படித் துல்லியமாக நிற்காது. இரும்புத் தகடும் கம்பிச் சுருளும் மின்சாரத்தால் நேரடியாகத் துடிக்கும்போதுதான் அப்படி நிற்கும். தேடவேண்டியது சுழற்சியை அல்ல, முனகும் சுருளை.

உறவினர் ஒருவரிடம் ஸ்டெதாஸ்கோப் வாங்கிவந்து, இரவு பதினோரு மணிக்கு மொசைக் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு முழமாக வைத்துக் கேட்டேன். இந்தச் சோதனைக்கு இணையான ஒன்றை நான் அறியேன். சுவரோரம் மங்கல். அறையின் நடுவை நோக்கி நகர நகர முனகல் ஏறியது. மேசையின் இடது முன் காலிலிருந்து இரண்டு சாண் தள்ளி, அது கைக்கடியில் வண்டு இருப்பதுபோல் கேட்டது. சுவரிலிருந்து அந்த இடத்தை நாடாவால் அளந்துகொண்டேன். காலையில் கீழே போய்ப் பெரியம்மாவின் அறைக் கூரையில் அதே அளவை எடுத்தால், மின்விசிறியின் கொக்கி.

என் தரைதான் அவர் கூரை. விசிறியின் கொக்கி அதே கான்கிரீட்டின் கம்பியில் மாட்டியிருக்கிறது. இது தெரியாத செய்தி இல்லை, ஆனால் அதுவரை தோன்றவே இல்லை.

பகலெல்லாம் அதே விசிறி ஓடுகிறதே, பகலில் ஏன் இல்லை? பெரியம்மாவிடமே கேட்டேன். "பகலில் ஐந்தில் வைப்பேன் தம்பி. படுக்கும்போது குளிர்கிறது என்று இரண்டில் வைத்துக்கொள்வேன்" என்றார். விடை முழுவதும் அந்த வாக்கியத்தில் இருந்தது.

சுவரில் இருந்தது டிரையாக் வகை ரெகுலேட்டர். அது மின்னழுத்தத்தைச் சீராகக் குறைப்பதில்லை. ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டி எறிகிறது. நொடிக்கு நூறு முறை அந்த வெட்டு. வெட்டப்பட்ட அலையில் கூர்மையான விளிம்புகள் இருப்பதால் மேல் மடங்குகள் நிறைய, விசிறியின் சுருளும் தகடுகளும் ஒவ்வொரு வெட்டுக்கும் துள்ளுகின்றன. ஐந்தில் வைத்தால் ஏறக்குறைய முழு அலையும் போவதால் துள்ளல் மிகக் குறைவு. இரண்டில்தான் உச்சம்.

அன்றிரவு உறுதி செய்துகொண்டோம். நான் மேலே முள்ளை நிற்கும் தட்டில் வைத்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருக்க, கீழே பெரியம்மா சுவிட்சை அணைத்தார். அதே கணம் முனகல் நின்றது. விசிறியின் இறக்கைகள் அதன் பிறகும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் சுற்றிக்கொண்டிருந்தன என்று கீழிருந்து சொன்னார். இறக்கை கோணியிருப்பதுதான் காரணம் என்றால் அதிர்வும் மெல்ல மெல்லத்தான் அடங்கியிருக்க வேண்டும். மின்சாரம் நின்றவுடன் நின்றதே, அதுதான் தீர்ப்பு.

எலக்ட்ரீஷியன் வந்து கண்டன்சர் வகை ரெகுலேட்டரை மாட்டினார். அது அலையை வெட்டாமல் குறைக்கிறது. கொக்கியில் காய்ந்து கல்லாகியிருந்த ரப்பர் புஷ்ஷையும் மாற்றச் சொன்னேன். சில நூறு ரூபாய்தான் செலவு. பெரியம்மா இரவில் விசிறி சத்தம் போடாமல் ஓடுகிறது என்று மகிழ்ந்தார்; அவர் அத்தனை ஆண்டுகள் அந்த முனகலோடுதான் தூங்கியிருக்கிறார். எனக்கு அது இசை கேட்பதில் வந்த இடையூறு, அவருக்கு அது ஒவ்வோர் இரவும். முன்பே கவனித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

கடப்பா கல்லும் சைக்கிள் டியூபும்

வரைபடத்தில் 100-இன் கோடு வெகுவாகத் தாழ்ந்தது, ஆனால் முழுதாக மறையவில்லை. மூலத்தில் முடிந்ததைச் செய்தாயிற்று, இனி வழியை அடைக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆர்வலர்கள் எழுதுவது பெரும்பாலும் சுவரில் பலகை அடித்து அதில் கருவியை வை என்பது. அங்கே பல வீடுகளில் தரை மரப்பலகை. நடந்தால் தரை குலுங்கும், முள் தாவும். அவர்களுக்கு அது சரியான மருந்து. நம் கான்கிரீட் காலடிக்கு அவ்வளவு குலுங்குவதில்லை. ஆனால் முனகலை அறை விட்டு அறைக்கு, தளம் விட்டுத் தளத்துக்குக் கடத்துவதில் அதற்கு நிகரில்லை, சுவரும் அதே சட்டத்தோடு பிணைந்ததுதான். இங்கே தேவை கருவியை மிதக்க விடுவது. 1961-இல் எட்கர் வில்சர் அமெரிக்காவில் வடிவமைத்த ஏஆர் நிறுவனத்தின் இசைத்தட்டுக் கருவியில் சுழல்தட்டையும், முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அதை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டிருந்தார், மோட்டார் வெளியே. வெளியதிர்வு வந்தாலும் தட்டும் முள்ளும் சேர்ந்தே அசையும், ஒன்றுக்கொன்று அசையாது. அந்த எண்ணத்தைத்தான் மலிவாகச் செய்தேன்.

சமையலறை மேடைக்குப் போட்டது போக மிஞ்சிய கடப்பா கல் துண்டு ஒன்று இருந்தது. குழந்தைகள் சைக்கிளின் டியூபைப் பாதிக் காற்றில் வைத்து, மேலே கல்லை இருத்தி, அதன்மேல் கருவி. எவ்வளவு காற்று என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: எடை ஏற்றியதும் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், அந்த மெத்தையின் இயல்பான அலைவெண் கிடைக்கும். 10 மில்லிமீட்டர் அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். டியூபுக்கு இது தோராயம்தான், ஸ்பிரிங்குக்கு நன்றாகப் பொருந்தும். 5-இல் ஆடும் மெத்தை 100-ஐ ஏறக்குறைய விடவே விடாது. ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் சரிபார்த்தேன். காற்று மெல்ல இறங்கும் என்பதால் மாதம் ஒருமுறை மட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது. வால்வை முன்பக்கம் வைத்துக்கொண்டால் கருவியைத் தூக்காமல் காற்றடிக்கலாம்.

மிதக்கவிட்டதும் ஒரு புதிய தொல்லை தலைகாட்டியது. ஓசை எதுவும் இல்லாமலே ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அலைந்தது. டோன் ஆர்மின் எடையும் முள்ளின் மீள்தன்மையும் சேர்ந்து தமக்கென ஓர் அலைவெண்ணில் ஆடும். 159-ஐ, கிராமில் மொத்த நிறையையும் மீள்தன்மை எண்ணையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். என்னுடையது 24 கிராம், 20: அலைவெண் 7.3. தட்டின் நெளிவுகள் அரை ஹெர்ட்ஸில் தொடங்கி ஐந்தாறு வரை எழுப்பும் அசைவுகளுக்கும், புதிய மெத்தையின் ஐந்துக்கும் இது மிக அருகில். டோன் ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கனத்த ஹெட்ஷெல்லைக் கழற்றி 6 கிராம் குறைந்த ஒன்றை மாட்டினேன், 8.4-க்கு ஏறியது. 8-க்கும் 12-க்கும் நடுவில் நிற்பது நல்லது. ஜப்பானிய கார்ட்ரிட்ஜ்களில் மீள்தன்மையை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவார்கள், இந்தக் கணக்குக்கு அந்த எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கர்களை மேசையிலிருந்து இறக்கித் தனிக் கால்களில் நிறுத்தினேன். அதுவரை, நிற்கும் தட்டில் முள்ளை வைத்து ஒலியளவை மெல்ல ஏற்றினால் ஒரு கட்டத்தில் ஊளை எழும். ஸ்பீக்கர் மேசையை அசைக்க, மேசை முள்ளை அசைக்க, முள் ஸ்பீக்கரை அசைக்கும் சுற்று. இப்போது நான் கேட்கும் எந்த அளவிலும் ஊளை இல்லை.

நேற்று இரவு பதினொன்றுக்குத் தட்டைப் போட்டேன். கீழே விசிறி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. தம்புராவின் பஞ்சமம் விளக்குச் சுடர் போல் அசையாமல் நின்றது. அதற்கும் அடியில், முன்பு கேட்டிராத மிக மெல்லிய ரீங்காரம் ஒன்று. முள்ளைத் தூக்கினேன், இல்லை. நிற்கும் தட்டில் வைத்தேன், இல்லை. வேகத்தை 33⅓-இலிருந்து 45-க்கு மாற்றினேன்: தம்புராவோடு சேர்ந்து ரீங்காரமும் 50-இலிருந்து 67-க்கு மேல் ஏறியது. இந்த வீட்டு மின்சாரமாக இருந்தால் வேகம் மாறினாலும் 50-இலேயே நின்றிருக்கும். இது பள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது. பாடகர் அன்று உட்கார்ந்து பாடிய அறையின் மின்சாரம். வேகத்தைத் திரும்ப 33⅓-இல் வைத்து, ஆலாபனையை முதலிலிருந்து கேட்டேன்.